பயணம் போன அணியும் கரையில் நின்ற நாமும்

நமது கிழக்குக் கரையின் எழுத்தில் கடல் இருக்கிறது, வயல் இருக்கிறது. மூதூர் மண்ணிலிருந்து வ. அ. இராசரத்தினம் ‘தோணி’யைத் தந்தார். பின்னால் வந்த நம்மவர்கள் இடப்பெயர்வையும் முகாமையும் சுனாமியையும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரின் இளைஞர்கள் எல்லோரும் எந்த இடத்தில் கூடி நிற்கிறார்களோ, அந்த மைதானத்தை நமது கதைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டு என்பது பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குரியது, இலக்கியத்துக்கு அது பாரமற்றது என்று நாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்த முடிவு பிழையானது என்பது எனது கருத்து. அதைச் சும்மா சொல்லாமல், வெளிநாடுகளுக்குப் பயணம் போன ஓர் இளம் அணியைப் பின்தொடர்ந்த மூன்று பிரதிகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: பின்தொடர்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்?

முதலில் அந்த அணி. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981 இல். முதல் டெஸ்ட் ஆடியது 1982 பெப்ரவரியில். வெளிநாட்டு மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றிக்கு மேலும் 13 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 மார்ச்சில் நியூசிலாந்தின் நேப்பியரில் அது வந்தது. 21 வயதுச் சமிந்த வாஸ் இரண்டு இனிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்டுகளை எடுத்தார். செப்டெம்பரில் அணி பாகிஸ்தானுக்குப் போனது. பெஷாவரில் தோற்று, பைசலாபாத்திலும் சியால்கோட்டிலும் வென்று, தொடரை 2-1 என்று கைப்பற்றியது. டிசம்பரில் அவுஸ்திரேலியா. பேர்த்தில் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று குற்றச்சாட்டு. பின்னர் அது மீளப் பெறப்பட்டது. டிசம்பர் 26 அன்று மெல்பேர்ணில் நடுவர் டெரல் ஹெயார், 23 வயது முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென்று ஏழு தடவை நோபோல் கொடுத்தார். ஜனவரி 5 அன்று பிரிஸ்பேனில் ரோஸ் எமர்சன் அதையே திரும்பவும் செய்தார். டெஸ்ட் தொடர் 3-0 என்று தோல்வியில் முடிந்தது. ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பு. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக்கிண்ண ஆட்டங்களுக்குக் கொழும்பு வர மறுத்தன. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை வென்று அதே அணி உலகக்கிண்ணத்தைத் தூக்கியது.

இதே ஒரு வருடத்தைத் திருகோணமலையிலிருந்து பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. நேப்பியர் வெற்றி மார்ச் 15. அடுத்த மாதம் 19 ஆம் திகதி நமது துறைமுகத்தினுள் கடற்படையின் இரண்டு பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டன. மூன்றாம் கட்டப் போர் தொடங்கியது. அன்றிலிருந்து கடலுக்குப் போவதற்கு நேரம் குறிக்கப்பட்டது, வீதிக்கு நேரம் குறிக்கப்பட்டது. அணி நேப்பியருக்கும் பைசலாபாத்துக்கும் மெல்பேர்ணுக்கும் போய்க்கொண்டிருந்த அந்த வருடத்தில் நாங்கள் பக்கத்து ஊருக்குப் போவதற்கு யோசித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது 15 வயது. மெல்பேர்ணில் ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை ஐந்தரை மணி. சுபஹு தொழுதுவிட்டு வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வருணனையில் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் எங்கள் நாட்டுப் பையன் ஒருவனை வேற்று மண்ணில் பலர் முன்னிலையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்பது விளங்கியது. சோதனைச்சாவடியைக் கண்ட பிள்ளைகளுக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

விளையாட்டுப் பயணத்தை இலக்கியமாக்கியவர்களில் அளவுகோலாகச் சொல்லத்தக்கவர் திரினிடாட்டில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ். 1963 இல் வெளிவந்த அவரது ‘பியோண்ட் எ பௌண்டரி’ காலனித்துவத்தையும் நிறத்தையும் கிரிக்கெட்டையும் ஒரே கயிற்றில் முறுக்குகிறது. மேற்கிந்திய அணியின் தலைமை ஒரு கறுப்பினத்தவருக்குப் போகவேண்டும் என்று பேனாவால் போராடியவர் அவர். அந்தத் தலைமை பிராங்க் வொரலுக்குக் கிடைத்தது. 1960-61 இல் வொரல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன அணிக்கு மெல்பேர்ண் மக்கள் வீதியில் திரண்டு விடைகொடுத்தார்கள். ஜேம்ஸ் தனது நூலைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்தக் காட்சியில்தான். ஓர் அடிமைப்பட்ட மக்கள் உலகத்தின் சபைக்குள் நுழைவதாக அவருக்கு அது தோன்றுகிறது. அவரது மெல்பேர்ண் 1961; நமது மெல்பேர்ண் 1995. அவருக்கு அந்நகரம் விடைகொடுத்தது, நம்மை அங்கே நடுவர் தடுத்து நிறுத்தினார். இந்த இரண்டு மெல்பேர்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை எழுதுவதற்கு இலங்கையில் யாருக்கு முடிந்தது?

முதலாவதாக ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமன்’. கையெழுத்துப் பிரதியாகவே 2008 ஆம் ஆண்டுக்கான கிரேஷன் பரிசைப் பெற்று, 2010 இல் இங்கே நூலாகி, 2012 இல் பொதுநலவாய நூற்பரிசையும் பெற்ற ஆங்கில நாவல். பின்னர் 2022 இல் வேறொரு நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்றவர் இவர். கதைசொல்லி கருணாசேன ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகையாளர். குடியால் ஈரல் கெட்டு, நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர். எண்பதுகளில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டுக் காணாமற்போன பிரதீப் மெத்யூ என்ற சுழற்பந்து வீச்சாளனைத் தேடுகிறார். தகப்பன் தமிழர், தாய் சிங்களவர். மெத்யூவின் மிகப் பெரிய சாதனை பதிவேட்டிலிருந்தே அழிக்கப்பட்டிருக்கிறது. உண்மை ஆட்டங்களுக்கும் உண்மைப் பெயர்களுக்கும் நடுவே இந்தக் கற்பனை மனிதனை ஆசிரியர் உட்கார வைத்திருக்கும் விதத்தில், இப்படியொருவர் இருந்தாரோ என்று வாசகன் பழைய ஓட்டப் பதிவுகளைப் புரட்டத் தொடங்குகிறான்.

நாவலின் பலம் பின்தொடர்கிறவனை மறைக்காததில் இருக்கிறது. கருணாசேன நல்ல தகப்பனாக இருக்கவில்லை, நல்ல கணவனாக இருக்கவில்லை; ஆட்டத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்தவர். வீட்டில் நடந்ததைப் பார்க்கத் தவறியவரின் கண்ணால் மைதானத்தைப் பார்க்கிறோம். ஆகவே கிரிக்கெட்டைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் அவரைப் பற்றியும் சொல்கிறது. பதிவேட்டில் இல்லாதவன் வாழவே இல்லையா என்ற கேள்வி நமக்கு மிகவும் நெருக்கமானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எத்தனை ஆண்டுகள் எந்தப் பதிவேட்டிலும் சரியாக இடம்பெறாமல் இருந்தார்கள் என்பதை அறிந்த வாசகர்கள் நாம்.

ஆனால் நாவலின் நாற்காலி கொழும்பில் போடப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது போர் என்பது வெடித்த குண்டுகளின் செய்தி. நாட்டின் காயம் சிங்களவர் தமிழர் என்ற இரட்டைக் கணக்காகத் தெரிகிறது. அந்தக் கணக்கில் மூன்றாமவன் எங்கே என்று நாம் தேடவேண்டியிருக்கிறது. இதற்காக ஆசிரியரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் தனது நாற்காலியிலிருந்து நேர்மையாக எழுதினார். நமது நாற்காலியிலிருந்து எழுதவேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது பிரதி ஒரு பேச்சு. 2011 ஜூலை 4 அன்று லோர்ட்ஸில் குமார் சங்கக்கார ஆற்றிய கௌட்ரி நினைவுப் பேருரை. பேச்சை இலக்கியப் பிரதியாக வாசிக்கலாமா என்று மீலாத் மேடைகளின் கீழே உட்கார்ந்து தமிழ் கற்ற நம்மிடம் யாரும் கேட்கமாட்டார்கள். சுமார் ஒரு மணி நேரப் பேச்சு. அதில் 1983 இல் கண்டியில் அவரது வீட்டில் தஞ்சம் புகுந்த தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. 1996 வருகிறது. சுனாமி வருகிறது. கிரிக்கெட் நிர்வாகத்தின் சீர்கேடு வருகிறது. அதற்காகவே அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2009 மார்ச் 3 அன்று லாகூரில் அணியின் பஸ் தாக்கப்பட்டது வருகிறது.

அந்த இடம்தான் பேச்சின் உச்சம். மற்றெல்லா விளையாட்டு எழுத்தாளர்களும் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுதும்போது, இவர் பஸ்ஸின் இருக்கையிலிருந்து பேசுகிறார். தோளில் சிதறல் பாய்ந்த மனிதர். அலங்காரம் இல்லாமல், தன்னை வீரனாக்காமல், யார் எங்கே குனிந்தார்கள் என்பதைச் சொல்வது போல் சொல்கிறார். அன்று மெஹர் முஹம்மத் கலீல் என்ற சாரதி பஸ்ஸை நிறுத்தாமல் மைதானத்துக்குள் ஓட்டிப்போனதால் அணி பிழைத்தது. ஆறு பொலிஸாரும் இரண்டு பொதுமக்களும் உயிரிழந்தனர். சுட்டவர்களும் கலிமாவைச் சொன்னவர்கள்தாம், காப்பாற்றியவரும் கலிமாவைச் சொன்னவர்தாம். அந்த நாளை ஒரு முஸ்லிம் எழுத்தாளன் எழுதியிருந்தால் அந்தச் சாரதியின் ஆசனத்திலிருந்து எழுதியிருப்பான். 16 வருடங்களுக்கு மேலாகியும் எனது கண்ணில் படக்கூடியதாக நாம் அப்படியொரு கதை எழுதவில்லை.

பேச்சின் முடிவில் சங்கக்கார தான் தமிழன், சிங்களவன், முஸ்லிம், பறங்கியன் எல்லாமாக இருப்பதாகச் சொல்கிறார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரது நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் விமர்சகன் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். அவர் இந்த நான்கு பெயர்களையும் அன்பினால் எடுத்து அணிந்துகொள்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்கப்படுகிறது. 2014 இல் அளுத்கமவிலும், 2018 இல் திகனயிலும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாடு முழுவதிலும் கேட்கப்பட்டது. தானாக முன்வந்து சொல்லும் அடையாளத்துக்கும் கேட்கப்பட்டுச் சொல்லும் அடையாளத்துக்கும் பாரம் வேறு. இந்த வேறுபாடு பேச்சில் இல்லை. ஒரு நட்சத்திர வீரரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மூன்றாவது, ஸ்ரீபதி இயக்கி 2023 ஒக்டோபரில் வெளிவந்த ‘800’ திரைப்படம். 2020 இல் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிக்கப்பட்டு, தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பினால் அவர் விலகிக்கொண்டதும், பின்னர் மதுர் மிட்டல் நடித்ததும் நாம் அறிந்த கதை. மெல்பேர்ண் நாளைத் தமிழில் சொல்ல முயன்றது என்ற அளவில் இந்தப் படத்துக்கு ஒரு மரியாதை உண்டு. மலையகத் தமிழன் ஒருவனை இரண்டு பக்கமும் தமது கணக்கில் சேர்க்கவோ கழிக்கவோ முயல்வதை அது காட்டுகிறது. அது உண்மையான விடயம்.

எனினும் படம் பின்தொடர்வது நாயகனை, அணியை அல்ல. தமிழ்ச் சினிமாவின் பழக்கம் அது. கூட ஆடியவர்கள் நாயகனுக்குக் கைகொடுக்க வருகிறார்கள், வேலை முடிந்ததும் சட்டகத்தை விட்டுப் போகிறார்கள். வேற்று நாட்டில் மாதக்கணக்கில் ஒரே ஹோட்டலில் ஒரே பஸ்ஸில் வாழும் இளைஞர்களிடையே என்ன நடக்கிறது, யாருடைய மொழியில் பகிடி விடுகிறார்கள், தோற்ற இரவில் யார் யாருடன் சாப்பிடுகிறார்கள் என்ற பயணத்தின் சதை அங்கே இல்லை. அதைவிட முக்கியமாக, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இல்லை. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது நடந்து ஐந்தே வருடங்கள். தமிழர், முஸ்லிம் என்று ஊர்கள் பிரிந்து, ஒருவரையொருவர் நம்பாமல் வாழ்ந்த காலம். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு இக்கரையில் ஒரு முஸ்லிம் வீட்டில் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளனுக்காகப் பிள்ளைகள் அழுதார்கள். அதை எந்தப் படமும் காட்டவில்லை. காட்டுவதற்கு அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் எழுதிவைக்கவில்லை.

ஏன் எழுதவில்லை? இங்கேதான் சங்கடமான இடத்துக்கு வருகிறோம். அதே பிள்ளைகள் 1992 மார்ச்சில் இம்ரான் கானின் அணி கிண்ணத்தைத் தூக்கியபோது தெருவில் துள்ளினார்கள். வசீம் அக்ரமைப் போல ஓடிவந்து பந்துவீசினார்கள். 1995 செப்டெம்பரில் பைசலாபாத்தில் இலங்கை ஆடியபோது எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு கட்சி. பக்கத்து வீட்டுக் காக்கா எனது வாப்பாவிடம் கேட்டார், “நீங்க ஆருக்கு?” வாப்பா சொன்னார், “பட்டரி தீரப் போகுது, கதைக்காமக் கேளுங்க.” அந்தப் பட்டரியை ஆட்டம் முடிந்ததும் கழற்றி வெயிலில் வைப்பார்; மறுநாளைக்குக் கொஞ்சம் உயிர் வரும். கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

1996 இறுதியாட்டத்தன்று இந்தச் சங்கடம் நீங்கியது. லாகூர் மைதானமே இலங்கைக்காகச் சத்தம் போட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு அசாருத்தீனின் தலைமையில் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து ஆடி, இங்கே பயமில்லை என்று உலகுக்குக் காட்டியிருந்தார்கள். அப்படியான நாட்களை எழுதுவது இலகு. சங்கடமான நாட்களை எழுதுவதற்குத்தான் இலக்கியம் தேவைப்படுகிறது.

2003 இல், சமாதான உடன்படிக்கைக் காலத்தில், ஆசிரியர் கலாசாலை விடுமுறையில் வந்திருந்தபோது எங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவுடன் மூன்று வெளியூர் ஆட்டங்களுக்குப் போனேன். ஆடுவதற்கு எனக்குக் கால் போதாது. கணக்கெழுதவும் தண்ணீர் தூக்கவும் போனேன். 2009 இல் பாலம் வரும்வரை நாம் ‘பாதை’ என்று சொன்ன அந்த மிதவையில் கடந்து, அப்பால் லொறியில் ஏறினோம். பையன்கள் பச்சை நிற ஜேர்ஸி. ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். நின்ற சிப்பாய்களில் ஒருவர், எங்கள் வயதுக்காரர், ஜேர்ஸியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: பாகிஸ்தான் டீமா? எங்கள் தலைவன் உடனே சொன்னான்: ஸ்ரீ லங்கா. சிப்பாய் கெட்டவர் அல்லர். பகிடிக்குத்தான் கேட்டார், வெற்றிக்கு வாழ்த்தியும் அனுப்பினார். ஆனால் லொறி புறப்பட்ட பிறகு வெகுதூரம் யாரும் பேசவில்லை. அன்று இரண்டு கோலால் தோற்றோம். திரும்பி வரும்போது தோல்வியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இவ்வளவு கெதியாக அந்தப் பதில் எப்படி வந்தது என்று ஒருவன் தலைவனிடம் கேட்டான். அவனுக்கும் தெரியவில்லை.

அந்தக் கெதியான பதிலை நமது இலக்கியத்தில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். நமது சிறுகதைகளில் வரும் முஸ்லிம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவன், அல்லது நாட்டுப்பற்றுள்ளவன். இரண்டுமே உண்மை. இரண்டுமே சோதனைச்சாவடியில் அட்டையை நீட்டிக்கொண்டு சொல்லும் பதிலும்கூட. இம்ரானுக்குத் துள்ளி, முரளிக்கு அழுது, லாகூர் பஸ் செய்தியைக் கேட்டுச் சாப்பிடாமல் இருந்த மனிதன் ஒருவனே. அவனை முழுதாக எழுதினால் எதிராளி ஒரு துண்டை வெட்டியெடுத்துக் காட்டுவான் என்ற பயம் நமக்கு இருக்கிறது. 2019 க்குப் பிறகு அந்தப் பயம் நியாயமானது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு துண்டை மறைத்து எழுதிய கதையில் மீதித் துண்டுகளும் உயிரில்லாமல் போகின்றன. எழுபத்தைந்து வீதம் உண்மையான பாத்திரம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அது கட்டுரையாக மாறிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். தேசிய அணியில் நம்மவர் எத்தனை பேர், அந்தப் பயணம் நமக்கு எப்படிச் சொந்தம் என்று கேட்கலாம். 1984 இல் தனது முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட் எடுத்த உவைஸ் கர்னைன் இருந்தார். 2004 இல் 19 வயதுக்குட்பட்டோர் அணியை உலகக்கிண்ணத்துக்குக் கொண்டுபோன பர்வீஸ் மஹ்ரூப் இருந்தார். ஒரேயொரு டெஸ்ட் ஆடிய நவீட் நவாஸ், பின்னர் பங்களாதேஷ் இளையோர் அணியின் பயிற்றுநராகி 2020 இல் அவர்களுக்கு உலகக்கிண்ணத்தை வென்றுகொடுத்தார். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பின்தொடர்வதற்குச் சொந்தக்காரர் அணியில் இருக்கவேண்டும் என்ற விதி கிடையாது. 2004 டிசம்பர் 26 காலை இலங்கை அணி ஒக்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த நாளில்தான் கடல் நமது ஊர்களுக்குள் வந்தது. அந்த வீரர்கள் அங்கிருந்து தமது வீட்டாரைத் தேடினார்கள். நாம் இங்கே கரையில் தேடினோம். மீதி ஆட்டங்களை ஒத்திவைத்துவிட்டு அணி திரும்பியது. பயணம் போனவனும் கரையில் நின்றவனும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

ஜேம்ஸ் தனது தீவிலிருந்து ஒரு மெல்பேர்ணை எழுதினார். கருணாதிலக கொழும்பின் நாற்காலியிலிருந்தும், சங்கக்கார பஸ்ஸின் இருக்கையிலிருந்தும் தமது பங்கைச் செய்தார்கள். முற்றத்தில் வானொலிக்குப் பக்கத்தில் போட்ட பாய் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் புல்மோட்டையிலும் ஒவ்வொரு பருவத்திலும் பையன்கள் லொறியில் ஏறி வெளியூர் ஆடப் போகிறார்கள். எழுதுகிற இளையவர்கள் ஒரு தடவை அவர்களோடு ஏறிப் போகட்டும். ஆட்டத்தின் முடிவை மட்டும் குறித்துவராமல், வழியில் என்ன கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள், யார் சொல்லாமல் இருந்தார்கள் என்பதையும் குறித்துவரட்டும். எனது வாப்பா 1995 இல் சொல்லாமல் விட்ட பதிலை நானும் இதுவரை எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.